சாட்சியோட ஊட்டுக்காரர்

வாங்க, உக்காருங்க. அந்தப் பக்கம் சாயாதீங்க, செவுரு நேத்துத்தான் அடிச்சது, சட்டையில ஒட்டிக்கும். பெயிண்ட் கடைக்காரன் கடையிலயே பெயிண்ட் காயலைன்னு வெளிய போய்ச் சொல்லிப்போடாதீங்க.

என்ற சம்சாரம் வசந்தாமணியைப் பாக்கத்தானுங்களே வந்தீங்க? போலீசு ஸ்டேசன்ல இருந்து தமிழரசி மேடம் அனுப்புனாங்களா? தெரியுமுங்க. பெயிண்ட் வாங்க வர்றவங்க டப்பாவைப் பாத்துக்கிட்டு உள்ள வருவாங்க. நீங்க பின்னால ரோட்டைப் பாத்துக்கிட்டே வர்றீங்க. சாட்சி சொல்லப் போறவங்க எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. போன மாசம் ஒரு டீச்சரம்மா வந்தாங்க. கடைக்குள்ள வந்தப்புறமும் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்லை.

அவ சந்தைக்குப் போயிருக்கா, வந்துருவா. நீங்க என்ன பாத்தீங்க, யாரைப் பாத்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன். கேக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. வர்றவங்களை உக்கார வைக்கலாம், ஃபேன் போடலாம், டீ வாங்கிக் குடுக்கலாம். பேசக் கூடாது. அதுவும் உத்தரவுதான். ஃபேன் போட்டாச்சு. டீ சொல்லியாச்சு. அவ வர்றதுக்குள்ள ஒரே ஒரு விசயம் சொல்றேன், அதோட வாயை மூடிக்கறேன்.

டிப்பர் மோகன் கேசு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தக் கேசுல முக்கியமான சாட்சி நாந்தான். ஒரு வருசத்துக்கு மேல நான் அப்படித்தானுங்க நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஊரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. ஊருக்குச் சொன்னதே நாந்தானே.

எதுத்தாப்புல பேக்கரி தெரியுதுங்களா? அங்க லோகுன்னு டீ மாஸ்டர். பொண்டாட்டி, ஒரு பொண் கொழந்தை, தானுண்டு தன் டீயுண்டுன்னு இருக்கிற ஆளு. மோகனோட டிப்பர் லாரியெல்லாம் இந்த ரோட்டுலதான் நிறுத்துவாங்க. ஒரு நா மத்தியானம் ஸ்கூல் பஸ்ஸு போக வழியில்லாம நின்னுபோச்சு. லோகு போய், வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்கண்ணான்னு டிரைவர்கிட்டச் சொல்லியிருக்கான். டிரைவர் போன் போட்டான். மோகன் ரெண்டு ஆளோட வந்தான். கையில இரும்புப் பைப்பு. இத்தனை கடை தொறந்திருக்குது, பட்டப்பகல், அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். லோகுவுக்கு வலது கண்ணு போயிருச்சுங்க. தெருவே பாத்துச்சு. போலீசு வந்து கேக்கறப்ப தெருவே உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு.

நான் அப்ப எங்க இருந்தேன்னு கேளுங்க. பின்னால குடோன்ல, ஒயிட் சிமெண்ட் மூட்டை மேல தூங்கிட்டிருந்தேன். சோறு உள்ள போனா எனக்குக் கண்ணு நிக்காதுங்க. கல்லாவுல இருந்தது வசந்தாமணி. அவதான் பாத்தா, அவதான் ஓடுனா. பிரஷ் துடைக்க வெச்சிருந்த பனியன் வேஸ்ட்டை ரெண்டு கையிலயும் வாரிக்கிட்டுப் போய், லோகு மூஞ்சியில அமுத்திப் புடிச்சுக்கிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தார் ரோட்டுலயே உக்காந்திருக்கா. நான் கொட்டாவி விட்டுக்கிட்டு வெளிய வர்றேன், கடையில ஆளைக் காணோம். எனக்கு மொதல்ல வந்தது கோவமுங்க. கல்லாவைத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டாளேன்னு.

அன்னிக்குச் சாயங்காலம் அவ சீலையை அலசிக் காயப்போட்டுட்டு வந்து, "மோகன்தானுங்க அடிச்சான்"னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்கு அந்த ஒரு வரி போதுமே. மறுநா காலையில பேக்கரியில நின்னு, பைப்பை எந்தக் கையில புடிச்சிருந்தான், எப்படி ஓங்குனான், லோகு எந்தப் பக்கம் சாஞ்சான்னு நடிச்சே காட்டிட்டேன். கேட்டவங்க உச்சுக் கொட்டுனாங்க. உச்சுக் கொட்டக் கொட்ட எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் வந்துச்சு. மத்தியானத்துக்குள்ள நானே பாத்தேன்னு நானே நம்பிட்டேனுங்க.

தமிழரசி மேடம் விசாரிக்க வந்தாங்க. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரங்க, எஸ்.ஐ., சத்தமாப் பேசவே மாட்டாங்க. உள்ள போய் வசந்தாமணிகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு, அப்புறம் கடைக்கு வந்தாங்க. நான் ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரம் எழுதுனாங்க, அப்புறம் பேனாவை மூடி வெச்சுட்டாங்க. எழுதாம மனசுல வாங்கிக்கறாங்க, பெரிய ஆபீசருன்னா இப்படித்தான் இருக்கோணும்னு நெனச்சேன்.

"எங்கிருந்து பாத்தீங்க சார்?"

"இந்தக் கல்லாவுல உக்காந்துதான் மேடம்."

"நீங்க சொல்ற எடம் ரோட்டோரத்துல இருக்கற அந்த மரத்துக்கு அந்தாண்டதானே வருது? இங்கேருந்து மறைக்குமே."

"மறைக்குமுங்க மேடம். ஆனா தெரியும்."

"சரிங்க சார். ரொம்ப நன்றி"ன்னு எந்திரிச்சுட்டாங்க. மேடமே நன்றி சொல்லிட்டுப் போறாங்கன்னு அதையும் பேக்கரியில சொல்லிட்டேன்.

அப்புறம் பத்துப் பதினஞ்சு நாள் போயிருக்கும். பைக்குல ரெண்டு பேரு வந்தானுங்க. ஒருத்தன் வெளிய நின்னான். ஒருத்தன் உள்ள வந்து தின்னர் பாட்டிலைத் தூக்கிப் பாத்தான். "ஏனுங்ணா, இது சீக்கிரம் தீப்புடிச்சுக்குமா?"ன்னு கேட்டான். "புடிக்குமுங்க"ன்னேன். "அப்ப சூதானமா இருங்க"ன்னு வெச்சுட்டுப் போயிட்டான். அன்னிக்கு நான் கடையைச் சாத்திட்டு ஊட்டுக்குப் போனவன், மூணு தாப்பாளும் போட்டுட்டு, கட்டிலுக்கு அடியில செருப்பைத் தேடற மாதிரி ரொம்ப நேரம் தேடிக்கிட்டிருந்தேன். வசந்தாமணிதான் மேடத்துக்குப் போன் போட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நானும் வேண்டாம்னு சொல்லலை.

இப்ப உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க. சாட்சிக்கு ஆபத்துன்னா போலீசு விசாரிச்சு எழுதி அனுப்போணும், ஜட்ஜு உத்தரவு போடுவாரு, அப்புறம் பாதுகாப்பு வரும், சாட்சி யாருங்கறதை வெளிய விட மாட்டாங்க. எங்களுக்கும் வந்துச்சு. வந்தது மேகலான்னு ஒரு லேடி போலீஸ் அம்மிணி. சின்ன வயசுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாத்தமாப் போச்சு. இம்மாம் பெரிய சாட்சிக்கு ஒரு பொம்பளைப் புள்ளையத்தான் அனுப்புவாங்களா, டிபார்ட்மெண்டுல ஆம்பளைங்களுக்கு அவ்வளவு பஞ்சமான்னு நெனச்சேன். அந்தப் புள்ளையும் என் பக்கத்துல நிக்கவே இல்லைங்க. வசந்தாமணி சந்தைக்குப் போனா கூடவே போச்சு. கோயிலுக்குப் போனாலும் போச்சு. அவ சமைச்சா சமையல்கட்டுலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கும். வசந்தாமணி வெக்கற கொள்ளுப் பருப்புக்காகத்தான் அப்படின்னு நான் முடிவு பண்ணிட்டேன். போன் வந்தாலும் அவளுக்குத்தான் வரும். வாய்தா தள்ளிப் போச்சுன்னாலும், மோகனுக்கு ஜாமீன் கெடைச்சாலும், இந்த ஏரியாவுக்குள்ள அவன் வரக் கூடாதுன்னு கண்டிசன் போட்டாலும், எல்லாம் அவ போனுக்கு. என்ற போன்ல சார்ஜே நிக்காது, அதுனாலன்னு அதுக்கும் ஒரு காரணம் கண்டுபுடிச்சேன்.

அப்ப கடையில என்னைக் காப்பாத்தறது யாரு? அங்கதானுங்க என்ற மூளை வேலை செஞ்சுது. பேக்கரியில தெனமும் ஒருத்தர் வந்து உக்காருவாரு. கூலிங் கிளாசு, கையில பேப்பரு, ஒரு டீயை ரெண்டு மணி நேரம் குடிப்பாரு. மஃப்டி போலீசு. சந்தேகமே இல்லை. காலையில கடை தொறந்ததும் அவரைப் பாத்து ரெண்டு தடவை தலையாட்டுவேன். அவரும் ஆட்டுவாரு. எனக்கு நெஞ்சு நிமுந்துக்கும்.

அந்த பைக்குக்காரனுங்க மறுபடி வந்தானுங்க. இந்தத் தடவை நான் எந்திரிச்சு நின்னேன். வெளிய வாசப்படி வரைக்கும் வந்து, அவருக்குக் கேக்கற மாதிரி சத்தமா, "நான் பாத்ததைப் பாத்தேன்னுதான் சொல்லுவேன், உங்க ஓனர்கிட்டப் போய்ச் சொல்லுங்கடா"ன்னேன். டா போட்டுட்டேனுங்க. அவனுங்க ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துட்டு, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டானுங்க.  நேரா பேக்கரிக்குப் போய் அவர் கையைப் புடிச்சுக்கிட்டு, "சார், நீங்க இருக்கற தைரியந்தானுங்க"ன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டுனாரு. "நானும் உங்களைக் கேக்கோணும்னே இருந்தேன். தெனமும் பாத்துப் பாத்துத் தலையாட்டறீங்களே, எடம் கிடம் பாக்கறீங்களா? பைபாஸ் பக்கம் நல்ல சைட்டு ஒண்ணு இருக்குது"ன்னாரு.

லேண்டு புரோக்கருங்க.

அதுக்கப்புறம் ஒரு வாரம் கடை தொறக்கலை. வயித்துப்போக்குன்னு போர்டு மாட்டாத குறை. மேகலா அம்மிணி வண்டி நம்பரை வாங்கிட்டுப் போச்சு. ரெண்டு நாள்ல மேடம் போன் பண்ணி, அவனுங்களைக் கூப்புட்டு வெச்சு விசாரிச்சாச்சு, எழுதி வாங்கியாச்சு, மறுபடி தலை தெரிஞ்சா உடனே கூப்புடுங்கன்னு சொன்னாங்க. அதையும் வசந்தாமணிகிட்டத்தான் சொன்னாங்க.

கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒரு நா, ஆளில்லாத நேரமாப் பாத்து, எங்களைக் கூட்டிட்டுப் போய்க் கோர்ட்டையே காட்டுனாங்க. ஜட்ஜு இங்க உக்காருவாரு, வக்கீலுங்க இங்க நிப்பாங்க, குற்றவாளிக்கும் உங்களுக்கும் நடுவுல திரை போட்டுருவோம், நீங்க அவன் மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்லைன்னு மேகலா அம்மிணி பொறுமையாச் சொல்லிக் குடுத்துச்சு. "தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. அழுகை வந்தா தண்ணி கேளுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க." வசந்தாமணி ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிக்கிட்டே இருந்தா. நான் என்ன பண்ணேன்னு நெனைக்கறீங்க? கூண்டுல ஏறி நின்னு, நெஞ்சை நிமுத்தி, அம்மிணி ஒரு போட்டோ எடுன்னேன். கோர்ட்டுக்குள்ள போட்டோ எடுக்கக் கூடாதுங்கண்ணான்னுச்சு. எறங்கச் சொல்லலை. நல்ல புள்ளை. வசந்தாமணிதான், "எறங்குங்க, நான் ஒருக்கா நின்னு பாக்கறேன்"னா. விளையாட்டுக்குக் கேக்கறான்னு எறங்கி வழி விட்டேன்.

வாய்தா அன்னிக்குக் காலையில முடி வெட்டி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, முருகனைக் கும்புட்டுக்கிட்டு ஜீப்புல ஏறுனேன். சாட்சிங்களுக்குன்னு தனி ரூமு, அதுல உக்கார வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல ஒருத்தர் கதவைத் தொறந்து, "ரெண்டாம் சாட்சி"ன்னு கூப்புட்டாரு. எந்திரிச்சேன். பக்கத்துல வசந்தாமணியும் எந்திரிச்சா. "நீ எதுக்கு எந்திரிக்கறே, பையைப் பாத்துக்கிட்டு உக்காரு"ன்னேன்.

அவ பையை என் கையில குடுத்தா. மேகலா அம்மிணி அவ தோளைத் தொட்டு, "வாங்கக்கா"ன்னுச்சு. ரெண்டு பேரும் உள்ள போனாங்க. கதவு சாத்திக்கிச்சு.

நான் கதவைத் தட்டுனேனுங்க. அங்க இருந்த போலீசுக்காரர்கிட்ட, "ஏதோ தப்பு நடந்துருச்சு, சாட்சி நானு"ன்னேன். அவர் கையில இருந்த சாட்சி லிஸ்ட்டைப் பாத்துட்டு, "உங்க பேரு சிகாமணிதானுங்களே? நீங்க இந்தக் கேசுல எதுலயுமே இல்லீங்களே. நீங்க சாட்சியோட ஊட்டுக்காரரு. வெளிய காத்தாட உக்காருங்க"ன்னாரு.

வெராந்தாவுல அந்தப் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தேன். உள்ள என்ன இருக்குதுன்னு பாத்தேன். தண்ணி பாட்டில், ஒரு துண்டு, மாத்துச் சீலை. எதுக்கு மாத்துச் சீலைன்னு எனக்கு வெளங்கலை. அப்புறந்தான் தோணுச்சு, அன்னிக்கு ரத்தத்தோட உக்காந்திருந்தாளே, இன்னிக்கும் எதுவும் நடக்கலாம்னு எடுத்துட்டு வந்திருக்கா. அந்த நெனப்போட வந்திருக்கறவகிட்டப் பையைப் பாத்துக்கன்னு சொல்லியிருக்கேன்.

பக்கத்துல யாரோ வந்து உக்காந்தாங்க. பாத்தா தின்னர் பாட்டிலைத் தூக்குனவன். பையை நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டேன். அவன் மெதுவா, "ஏனுங்ணா, நீங்க உள்ள போகலீங்களா?"ன்னான்.

"நான் சாட்சி இல்லீங்களாமா"ன்னேன்.

"என்னுங்ணா சொல்றீங்க?"

"என்ற சம்சாரமாமா."

 அவன் அழுகற மாதிரி சொன்னான்: "ஒரு வருசமா நாய் மாதிரி உங்க பின்னாலயே சுத்துனோமேண்ணா. நீங்க முடி வெட்டப் போனா அங்க, காய் வாங்கப் போனா இங்க. அந்தக்கா பஸ்ஸுல எங்களுக்குப் பக்கத்துலயே நின்னுட்டு வந்திருக்குது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேனுங்க. சத்தியமா. என்ன பண்றதுன்னு தெரியாம, "மன்னிச்சுக்கப்பா, எனக்கும் இப்பத்தான் தெரியும்"னேன். அதுக்குள்ள ஒரு போலீசுக்காரர் இந்தப் பக்கமா வந்தாரு, அவன் எந்திரிச்சுப் போயிட்டான்.

உள்ள வக்கீல் அவளைப் போட்டு வறுத்தெடுத்திருக்காரு. மேகலா அம்மிணிதான் அப்புறம் சொல்லுச்சு. "உங்க ஊட்டுக்காரர் பாத்ததா ஊரெல்லாம் சொல்லியிருக்காரே, நீங்க பாத்தது பொய்யா, அவர் பாத்தது பொய்யா?"ன்னு கேட்டாராமா. என்ற வாயி அங்க வந்து நின்னிருக்குது பாருங்க. என்ற வாயால அந்தக் கேசே கெட்டுப்போயிருக்கோணும், லோகுவுக்குப் போன கண்ணுக்கு நாயமே இல்லாமப் போயிருக்கோணும். இவ தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, "அவரு தூங்கிட்டிருந்தாருங்க. எந்திரிச்சப்புறம் நான் சொன்னதைத்தான் அவரு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அவரு அப்படித்தானுங்க"ன்னாளாமா. ஜட்ஜு கர்ச்சீப்பால வாயைத் துடைச்சுக்கிட்டாராமா. சர்க்கார் காயிதத்துல டைப் ஆயிருச்சுங்க, நான் தூங்குனது. என்ற பேரன் காலத்துலயும் எடுத்துப் படிக்கலாம்.

ஜீப்புலயே கொண்டு வந்து விட்டாங்க. ஊட்டு வாசல்ல எறங்கினதும் கேட்டேன். "ஊரே சிரிக்கும். ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"மேடம் யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாங்க. ஊட்டுக்காரர்கிட்டச் சொல்றது உங்க இஷ்டம்னாங்க. நான் ரெண்டு மூணு தடவை சொல்ல வந்தேன்."

"அப்புறம்?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்க."

கோவமாச் சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். கோவமே இல்லைங்க. மழை பேஞ்சிட்டிருந்துச்சு, அதனால வரலைன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு, கேட்டைத் தொறந்து உள்ள போயிட்டா.

தமிழரசி மேடம் அப்புறம் ஒரு நா கடைப் பக்கம் வந்தப்ப, "நீங்க பேசுனது ஒருவகையில எங்களுக்கு உதவியாத்தான் இருந்துச்சு சார். ஆனா தயவுசெஞ்சு இனிமே யாருக்கும் இப்படி உதவாதீங்க"ன்னாங்க. முன்பாதியை மட்டும் பேக்கரியில சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

தீர்ப்பு சொன்ன அன்னிக்கும் மேடமே கூப்புட்டாங்க. வசந்தாமணி குளிச்சிட்டிருந்தா. நான் போனை எடுத்து, "சொல்லுங்க மேடம், நான் சொல்லிடறேன்"னேன். "இல்ல சார், அவங்ககிட்டத்தான் சொல்லணும். இருக்கேன்"னாங்க. குளியல்ரூம் கதவுகிட்ட போனைக் கையில ஏந்திக்கிட்டு நின்னேன். அவ ஈரத் தலையோட வந்து வாங்குனா. "சரிங்கம்மா. சரிங்கம்மா. லோகுகிட்டச் சொல்லிட்டீங்களா? சரிங்கம்மா." வெச்சுட்டா. நேரா சமையல்கட்டுக்குப் போய் அடுப்பைப் பத்த வெச்சா.

நான் பின்னாலயே போய், "என்ன சொன்னாங்க?"ன்னேன்.

"தண்டனை குடுத்துட்டாங்களாமா. மேல அப்பீல் போவாங்களாமா. வெளிய வர்ற மாதிரி இருந்தா நமக்கு முன்னாலயே தகவல் சொல்லுவாங்களாமா."

எனக்கு ஒரு கால் செருப்புல போயிருச்சுங்க. பேக்கரியில அந்நேரம் நல்ல கூட்டம் இருக்கும். போட்ட செருப்பை எப்படிக் கழட்டுனேன்னு இப்பவும் தெரியலை. கழட்டிட்டு மறுபடி உள்ள வந்து, "அன்னிக்கு நீ என்ன பாத்தே?"ன்னு கேட்டேன்.

அவ திரும்பிப் பாத்தா. என்னைய அப்படி அவ பாத்து நான் பாத்ததில்லை. அடுப்பை அணைச்சா. ஈரத் தலையைத் துண்டால சுத்திக்கிட்டு அங்கயே தரையில உக்காந்தா. நானும் உக்காந்தேன். மொதல்ல இருந்து சொன்னா. லாரி வந்து நின்னதுல இருந்து, ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துன வரைக்கும். நடுவுல நாலஞ்சு எடத்துல எனக்கு வாய் வந்துச்சு. கையை வெச்சு வாயை மூடிக்கிட்டேன், நெசமாலுமே கையை வெச்சு. சொல்லி முடிக்கறப்ப மணி என்ன ஆச்சுன்னு தெரியாது, அன்னிக்கு ஊட்டுல சோறு ஆக்கலை.

அவ என்ன சொன்னான்னு கேக்கறீங்களா? இல்லைங்க. அதை நான் சொல்லக் கூடாது. அது அவ பாத்தது.